கல்லூரி சேரும் முன் மடிக்கணினி: மாணவர் சலுகை பற்றிய வாசகர் கேள்விகள்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானது முதல் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மடிக்கணினி வாங்குவது பற்றியே இருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பிளஸ் 2 முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்காகக் காத்திருக்கிறாள். ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் மாணவர்களுக்கு விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கப் போனால் கல்லூரி மின்னஞ்சலோ அடையாள அட்டையோ கேட்கிறது. பள்ளி அடையாள அட்டையைப் பதிவேற்றினோம், ஏற்கவில்லை. எந்தக் கல்லூரி என்பதே முடிவாகாத நிலையில் இந்தச் சலுகையைப் பெற வழி உண்டா? என் பெயரில் வாங்கலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: வழி உண்டு; ஆனால் கலந்தாய்வில் இடம் உறுதியான பிறகுதான். இத்தகைய சலுகைகளில் பெரும்பாலானவை உயர்கல்வி பயில்பவர்களுக்கென்று வகுக்கப்பட்டவை. பள்ளி மாணவர்கள் அந்த வரையறைக்குள் வருவதில்லை என்பதால்தான் உங்கள் மகளின் பள்ளி அட்டை ஏற்கப்படவில்லை. அதற்காக, வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் சலுகை கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஆப்பிள் நிறுவனத்தின் கல்வி விலை, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமன்றி, புதிதாகச் சேர்க்கை கிடைத்தவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பெற்றோர் பெயரில் வாங்குவதை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளில் 'யார் வாங்கலாம்' என்ற பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாங்குபவர் உண்மையில் மாணவர்தானா என்று பார்க்கும் வேலையைப் பல நிறுவனங்கள் தாங்களே செய்வதில்லை. யூனிடேஸ், ஸ்டூடண்ட் பீன்ஸ் போன்ற நிறுவனங்களிடம் அதை ஒப்படைத்திருக்கின்றன. கல்லூரி வழங்கிய மின்னஞ்சல் முகவரி இருந்தால், அதற்கு வரும் இணைப்பை அழுத்தியவுடன் பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. மின்னஞ்சல் இல்லாதவர்கள் ஆவணம் பதிவேற்ற வேண்டும். அந்த ஆவணத்தில் மாணவியின் பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கலந்தாய்வின் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், முதலாமாண்டுக் கட்டண ரசீது ஆகியவற்றில் இம்மூன்றும் இருக்கும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கும் போனஃபைட் சான்றிதழிலும் (அங்கே படிப்பதை உறுதிசெய்யும் சான்று) இருக்கும். வெறும் மதிப்பெண் சான்றிதழும் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த படிவமும் இதற்குப் போதாது.

நம் ஊர் மாணவர்களின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ள வாய்ப்புள்ள இடம் பெயரின் முன்னெழுத்து. ஆதாரில் தந்தையின் பெயர் முழுவதுமாகப் பின்னால் வந்திருக்கும். ஒதுக்கீட்டு ஆணையில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கணக்குத் தொடங்கும்போது முன்னெழுத்தே இல்லாமல் எழுதியிருப்போம். ஆகவே, எந்த ஆவணத்தைப் பதிவேற்றப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பட்டியலில் கல்லூரியின் பெயர் இல்லாவிட்டால், அது இணைவு பெற்றிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் தேடிப் பாருங்கள். சேர்க்கையை நிரூபிக்கக் கேட்கும் இடத்தில் ஆதார் அட்டையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

காத்திருந்தால் சலுகை போய்விடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கல்லூரி திறப்பை ஒட்டிய சலுகைகள் பொதுவாக ஜூன் மாதத்தில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை நீள்கின்றன. அதற்குள் பொறியியல் கலந்தாய்வின் முதன்மைச் சுற்றுகள் நடந்துவிடும். உங்கள் மகளுக்குக் கணினி அறிவியல் கிடைக்குமா, இயந்திரவியல் கிடைக்குமா என்பது தெரிவதற்கு முன்பே வாங்கிவிடுவதைத்தான் நான் தவறு என்பேன். இயந்திரப் பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ், கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் ஆகிய இரண்டும் விண்டோஸுக்காக மட்டுமே உருவாக்கப்பட்டவை. பத்தாயிரம் ரூபாய் குறைகிறதே என்று, விண்டோஸ் இல்லாத ஆப்பிளின் மேக்புக் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் அந்த மென்பொருள் அதில் ஓடவில்லை என்று தெரியவந்தால், குறைந்த பணத்தைப் போல ஐந்து மடங்கு கைவிட்டுப் போகும்.

கேள்வி: என் மகனின் படிப்புக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். மாணவர் விலை என்று இணையதளத்தில் போட்டிருப்பதைவிட எங்கள் ஊர்க் கடையில் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வட்டியில்லாத் தவணையும் உண்டாம். எது உண்மையில் லாபம்? நான் இரும்புச் சாமான் கடை நடத்துகிறேன், ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. அந்த எண்ணில் பில் போட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: சதவீதங்களை ஒப்பிடாதீர்கள், கையிலிருந்து போகும் தொகையை ஒப்பிடுங்கள். ஐம்பது சதவீதத் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். அந்த விலைக்கு அந்த மடிக்கணினியை யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே, நீங்கள் பார்த்திருக்கும் மாடலின் முழு எண்ணை, அதாவது பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்த குறியீட்டை, எழுதிக்கொண்டு அதே எண்ணுக்கு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஒரே பெயரில் 8 ஜி.பி. நினைவகம் உள்ளதும் 16 ஜி.பி. நினைவகம் உள்ளதும் விற்கப்படுகின்றன. குறைவாகத் தெரியும் விலை பல நேரங்களில் குறைவான பொருளுக்கானது.

மாணவர் விலை எப்போதும் மிகக் குறைந்த விலை அல்ல. 2025 மார்ச்சில் எம்4 சில்லு கொண்ட 13 அங்குல மேக்புக் ஏர் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை ரூ.99,900, கல்வி விலை ரூ.89,900. சரியாகப் பத்தாயிரம் ரூபாய் குறைவு. அதே ஆண்டில் இணைய விற்பனை நிறுவனங்கள் நடத்திய தள்ளுபடி நாட்களில், வங்கி அட்டைக் கழிவையும் சேர்த்தால், எந்த மாணவச் சான்றும் இல்லாமல் அதைவிடக் குறைவாகவே அது கிடைத்தது. புதிதாக வெளிவந்த மாடலுக்கு மாணவர் விலை நல்லது. வந்து ஓராண்டு ஆன மாடலுக்குக் கடைக்காரரிடமோ விழாக்கால விற்பனையிலோ கிடைப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லலாம். இலவசமாக ஹெட்போனும் பையும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால், அவற்றை நீங்கள் எப்படியும் வாங்கியிருப்பீர்களா என்று கேட்டுக்கொண்டு, ஆம் என்றால் மட்டும் அவற்றின் விலையைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற ஒன்று கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இப்போது 'நோ காஸ்ட்' என்ற பெயரில் நடப்பது வேறு ஏற்பாடு: வங்கி வழக்கம்போல் வட்டி வாங்குகிறது, அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் கழித்துக்கொள்கிறார். ஆனால் கடன் அட்டை வட்டியின் மீது விதிக்கப்படும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். வட்டி மொத்தம் 4,000 ரூபாய் என்றால் வரி மட்டும் 720 ரூபாய். அது பெரிய தொகை அன்று. ஒரே தடவையில் கட்டினால் கிடைக்கும் உடனடிக் கழிவு தவணையில் வாங்கினால் கிடைக்காமல் போவதுதான் உண்மையான இழப்பு. முழுப் பணத்தையும் இன்றே கொடுத்தால் எவ்வளவு என்று கடைக்காரரிடம் தனியாக ஒரு விலை கேளுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை 'கூடாது' என்பதே. மடிக்கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மாணவர்களுக்கென்று தனிக் குறைப்பு எதுவும் இல்லை. 59,000 ரூபாய் விலையில் 9,000 ரூபாய் வரி என்பது மனதை உறுத்தத்தான் செய்யும். என்றாலும், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு கூறுகிறது. மகன் படிக்க வாங்குவது கடைக்கான செலவு ஆகாது. பில் இல்லாமல் வாங்கினால் சில ஆயிரம் குறையும் என்று எவரேனும் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். பில் இல்லாத பொருளுக்கு உத்தரவாதம் கேட்பது மிகவும் சிரமம்.

கேள்வி: என் அத்தை மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய மாணவர் கணக்கில் நான் மடிக்கணினி வாங்கிக்கொள்ளலாமா? நான் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். அந்தச் சலுகை அவருடைய படிப்புக்காக அவருக்குத் தரப்படுவது. ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரு மடிக்கணினி என்பது போன்ற வரம்புகளும் உண்டு. நீங்கள் வாங்கிவிட்டால் அவருக்கே தேவைப்படும்போது அது கிடைக்காமல் போகலாம். தகுதியில்லாதவர் வாங்கியதாகத் தெரியவந்தால் விலை வேறுபாட்டை வசூலிக்கும் உரிமையையும் சில நிறுவனங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தாய்மாமா ஜூலையில் ஊருக்கு வருகிறார். அங்கே மாணவர் தள்ளுபடியோடு வாங்கி வரச் சொல்லலாமா? சுங்க வரி கட்ட வேண்டியிருக்குமா?
— மாணவி, காரைக்குடி

பதில்: பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒருவர், பொதுவான வரம்புக்கு மேற்பட்டு, ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றிக் கொண்டுவர விதிகள் இடமளிக்கின்றன. உங்கள் மாமா தம்முடைய மடிக்கணினியையும் கையில் வைத்திருந்தால் உங்களுக்கானது இரண்டாவதாகிவிடும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அங்குள்ள மாணவர் சலுகை அங்குள்ள கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் உரியது. உங்கள் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி அவர் அதைக் கோர முடியாது. மேலும், அமெரிக்க இணையதளங்களில் காணும் விலையில் மாநில விற்பனை வரி சேர்ந்திருக்காது. நம் ஊர் விலையிலோ வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வாங்குவதற்கு முன் அந்த மாடலுக்கு இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாது என்றால், கல்லூரி விடுதியில் திரை பழுதாகிற நாளில் மாமாவுக்கு அனுப்பி வைக்கவா முடியும்?

கேள்வி: எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போவது நான்தான். அப்பா கூலி வேலை செய்கிறார். மாணவர் சலுகையைக் கழித்தாலும் ஐம்பதாயிரம் வரை வருகிறது. அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. எல்லா மாணவர்களுக்கும் மத்திய அரசு இலவச மடிக்கணினி தருவதாக வாட்ஸ்ஆப்பில் ஓர் இணைப்பு வந்திருக்கிறது. அது உண்மையா? சென்னையில் பழைய மடிக்கணினி மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?
— மாணவர், கடலூர்

பதில்: தம்பி, அந்த இணைப்பைத் திறக்காதீர்கள், திறந்து விவரங்கள் கொடுத்திருந்தால் உடனே வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள், பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பெயரில் 'ஒரு மாணவருக்கு ஒரு மடிக்கணினி' என்று பரவிய செய்தி பொய்யானது என்று அந்தக் குழுவும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் முன்பே அறிவித்திருக்கின்றன. உங்களுக்கு வந்ததும் அதே வகையைச் சேர்ந்ததாகவே தெரிகிறது.

உண்மையான திட்டம் தமிழக அரசுடையது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பயன்பட்டது. பின்னர் அது நின்றுபோனது. 2025 மார்ச்சில் தாக்கலான நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய வழங்கல் கல்லூரி வழியாகவே நடக்கும். எந்த இணைப்பையும் அழுத்திப் பணம் கட்டி விண்ணப்பிப்பது இதில் இல்லை. நீங்கள் சேரப்போகும் கல்லூரிக்கும் ஆண்டுக்கும் அது பொருந்துமா என்பதைச் சேர்க்கை நாளன்றே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் விற்கப்படும் பழைய மடிக்கணினிகளில் நல்லவை இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்தவை என்பதால் அவற்றின் உடற்கட்டு உறுதியாகவே இருக்கும். ஆனால் இப்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைக் கடைக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளும் எண்ணம் இருந்தாலன்றி அவற்றை வாங்காதீர்கள். சில்லின் எண்ணில் ஐ5 என்பதற்குப் பின்வரும் இலக்கம் 8250 என்பது போல 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. 7200 என்றால் ஏழாம் தலைமுறை. மின்கலத்தின் நிலையை விண்டோஸிலேயே அறிக்கையாக எடுக்கலாம். முதலில் இருந்த கொள்ளளவில் பாதிகூட இல்லை என்றால் புது மின்கலத்தின் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பில்லும் குறைந்தது மூன்று மாதக் கடை உத்தரவாதமும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் சொந்த மடிக்கணினி இல்லாமலே சமாளிக்க முடியும். கல்லூரியின் கணினி ஆய்வகமும் நூலகமும் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. கட்டணத்தில் அவற்றுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறீர்கள். எல்லோரிடமும் இருக்கிறதே என்பதற்காக உங்கள் அப்பா வட்டிக்கு வாங்க நேர்ந்துவிடக் கூடாது.

கேள்வி: கல்விக் கடனில் மடிக்கணினிச் செலவையும் சேர்க்க முடியுமா?
— வாசகர், சேலம்

பதில்: சேர்க்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவைப்பட்டால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவும் கடனுக்குரிய இனங்களில் ஒன்றாக இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே செலவுப் பட்டியலில் அதை எழுத வேண்டும். கடன் ஒப்புதலான பிறகு சேர்ப்பது கடினம். கடையிலிருந்து விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். கல்லூரியோ துறையோ மடிக்கணினி தேவை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கிளை மேலாளருக்கு முடிவெடுப்பது எளிதாகும். கடன் தொகை வரும் முன்பே நீங்கள் வாங்கிவிட்டால், பில்லைக் காட்டித் திரும்பப் பெற முடியுமா என்பதை வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மடிக்கணினி வாங்கியபோது எம்.எஸ். ஆபீஸ், வைரஸ் தடுப்பு மென்பொருள் என்று கடைக்காரர் தனியாக ஆறாயிரம் ரூபாய் சேர்த்துச் சொன்னார். மாணவர்களுக்கு இவற்றிலும் சலுகை உண்டா?
— மாணவி, மதுரை

பதில்: உண்டு, மடிக்கணினியின் விலையில் கிடைப்பதைவிட இதில் கிடைப்பதே பெரிது என்பது என் கருத்து. கல்லூரி தரும் மின்னஞ்சல் கைக்கு வரும் வரை பொறுத்திருந்தாலே போதும். உங்கள் கல்லூரி மைக்ரோசாஃப்டின் கல்வித் திட்டத்தில் இணைந்திருந்தால் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் ஆகியவற்றை இணையம் வழியாக இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆட்டோகேட், ரெவிட் உள்ளிட்ட ஆட்டோடெஸ்க் மென்பொருள்களை, தகுதியுள்ள மாணவர்கள் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் முறையில் கட்டணமின்றிப் பெறலாம். நிரல் எழுதக் கற்பவர்களுக்கு கிட்ஹப் நிறுவனத்தின் மாணவர் தொகுப்பு இருக்கிறது. மேட்லேப் மென்பொருளுக்குப் பல கல்லூரிகள் வளாகம் முழுமைக்குமான உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. அது மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடுவதும் உண்டு. துறையில் கேளுங்கள்.

அதுவரை லிப்ரே ஆபீஸ் போதும். அது எல்லோருக்கும் இலவசம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், சாதாரண மாணவப் பயன்பாட்டுக்குப் போதுமான பாதுகாப்பைத் தருகிறது; தனியாக வைரஸ் தடுப்பு வாங்க வேண்டியதில்லை. புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் ஆபீஸ் ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. பெட்டியின் மீதும் பில்லிலும் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே மென்பொருளுக்குக் கடைக்காரர் மீண்டும் பணம் கேட்பது முறையல்ல. கொடுத்திருந்தால் பில்லைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.